பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஏலத்தில் எடுக்கும் முன்: தாய்ப்பத்திரம் பார்ப்பதுபோல் பாருங்கள்

நிலம் வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? தாய்ப்பத்திரம் கேட்பார்கள். வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு கை மாறியதற்குப் பத்திரம் இல்லையென்றால், இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவார்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய ஜாகுவாரையோ ஆஸ்டின் ஹீலியையோ ஏலத்தில் எடுக்க நினைப்பவருக்கு நான் சொல்வதும் அதேதான். காரின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் அதன் பூர்வீகத்தைப் பாருங்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளிலிருந்து இன்றுவரை இது அதே கார்தான் என்று காகிதமும் இரும்பும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

பூர்வீகத்துக்கு எவ்வளவு விலை என்பதற்கு இரண்டு கார்களைச் சொல்கிறேன். 1956 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப், சேஸிஸ் எண் எக்ஸ்கேடி 501. ஸ்காட்லாந்தின் எக்யூரி எக்கோஸ் அணியின் நீல நிறக் கார். 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஆர்எம் சோத்பிஸ் ஏலத்தில் 2 கோடியே 17 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. அடுத்த வருடம் அதே இடத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1 வரிசையின் முதல் கார் 2 கோடியே 25 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அதே வடிவத்தில், அதே வேகத்தில் ஓடுகிற அருமையான நகல் கார்களை இன்றைக்கும் செய்துதர ஆள் இருக்கிறார்கள். அவற்றின் விலை இதில் ஒரு சிறு பங்குதான். மீதிப் பணம் முழுக்க 'இதுதான் அந்தக் கார்' என்கிற உறுதிக்காகக் கொடுப்பது.

நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற விலையிலும் கணக்கு அதேதான். தொகை மட்டும்தான் சிறியது.

எந்தக் கார் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிடுவோம். பழைய கார் எல்லாவற்றையும் 'விண்டேஜ்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். 1934-இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப்பின் கணக்கில் 1930 முடிவதற்குள் கட்டப்பட்ட கார்தான் விண்டேஜ். 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் அவர்களுக்கு விண்டேஜ் ஆகாது, 'கிளாசிக்'. ஏலப் பட்டியல்களில் தேடும்போது இது தெரிந்திருந்தால் நேரம் மிச்சம்.

முதன்முறை வாங்குபவர் என்றால் என் யோசனை எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டினார்கள். உதிரிபாகம் கிடைக்கும், விலை தாங்கும், பூர்வீகத்தில் சின்ன ஓட்டை இருந்தாலும் பெரிய நஷ்டம் வராது. காகிதம் படிக்க அதில் பழகிக்கொண்டு பிறகு பெரிய காருக்குப் போகலாம். ஆனால் பலரும் இ-டைப்பைக் கேட்டுத்தான் வருகிறார்கள். அதனால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

எண்களைச் சேகரியுங்கள்

இ-டைப்பில் நான்கு எண்கள் உண்டு: சேஸிஸ், என்ஜின், பாடி, கியர்பாக்ஸ். என்ஜின் அறையில் உள்ள தகட்டில் இவை பொறிக்கப்பட்டிருக்கும். தகடு என்பது கழற்றி மாட்டக்கூடிய சாமான், அதை மட்டும் நம்பக் கூடாது. இரும்பில் அடித்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இ-டைப்பில் முதலில் வந்த 3.8 லிட்டர் காரில் சேஸிஸ் எண், முன்பக்கச் சட்டத்தின் குறுக்குக் குழாயில், வலதுபக்க ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேலே அடிக்கப்பட்டிருக்கும். என்ஜின் எண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று என்ஜின் பிளாக்கின் வலதுபக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே. மற்றொன்று சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியில். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஹெட்டோ பிளாக்கோ மாறியிருக்கிறது. கியர்பாக்ஸ் எண் அதன் பெட்டியின் பின்பக்க இடது மூலையிலும் மேல்மூடியிலும் இருக்கும். பாடி எண், முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள ஸ்கட்டில் பகுதியின் வலதுபக்கம் ஒரு சிறு தகட்டில்.

இங்கே புதியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இ-டைப்புக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. நடுப்பகுதி தகட்டால் ஆன ஒரே கூடு. முன்னால் என்ஜினைத் தாங்குகிற குழாய்ச் சட்டம் போல்ட்டு போட்டு அதோடு மாட்டப்பட்டது. சேஸிஸ் எண் அடித்திருப்பது அந்தச் சட்டத்தில்தான். அதாவது, காரின் அடையாள எண்ணே கழற்றக்கூடிய பாகத்தில் இருக்கிறது! அதனால்தான் பாடி எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன். சட்டத்தில் உள்ள எண்ணும் கூட்டில் உள்ள எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டில் ஒரே வரியில் இருந்தால்தான் முன்பாதியும் பின்பாதியும் ஒரே காரைச் சேர்ந்தவை.

எண்ணே சில விஷயங்களைச் சொல்லிவிடும். 3.8 காரில் 850001-இலிருந்து தொடங்குபவை வலதுபக்க ஸ்டீயரிங் உள்ள திறந்த கார்கள். 860001-இலிருந்து வலதுபக்க ஸ்டீயரிங் உள்ள, கூரை மூடிய கூப்பேக்கள். 875001 இடதுபக்க ஸ்டீயரிங் திறந்த கார், 885001 இடதுபக்க ஸ்டீயரிங் கூப்பே. இ-டைப்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. பிற்பாடு பிரிட்டனுக்குத் திரும்பி வந்து ஸ்டீயரிங் மாற்றப்பட்டவை நிறைய. வலதுபக்க ஸ்டீயரிங்கோடு நிற்கிற காரின் எண் 885-இல் தொடங்கினால் அது மாற்றப்பட்ட கார். தப்பு ஒன்றும் இல்லை, நல்ல காராகவே இருக்கலாம். ஆனால் பிறவியிலேயே வலதுபக்கமாக வந்த காரின் விலையைக் கொடுக்காதீர்கள்.

தொழிற்சாலைச் சான்றிதழ்

ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய உற்பத்திப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் தருகிறது. கட்டிய தேதி, அனுப்பிய தேதி, நான்கு எண்கள், அன்றைய நிறம், உள்ளே இருந்த தோலின் நிறம், எந்த டீலருக்குப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். சில காருக்கு முதல் உரிமையாளர் பெயரும் இருக்கும். எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின் ஹீலி என்றால் இங்கிலாந்தின் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிட்டேஜ் டிரஸ்ட்டிடம் கேட்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். 1961-இல் என்ன செய்து அனுப்பினார்கள் என்பதைத்தான் அந்தக் காகிதம் சொல்லும். உங்கள் முன்னால் நிற்பது அந்தக் கார்தான் என்று அது சொல்லாது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு எண்ணாகக் காரோடு ஒப்பிடுவது உங்கள் வேலை. ஒரு முறை பட்டியலில் 'எல்லா எண்ணும் பொருந்தும்' என்று எழுதியிருந்த காரைப் பார்க்கப் போயிருந்தேன். பிளாக்கில் எண் அடிக்கும் இடம் மட்டும் சுற்றிலும் உள்ள பரப்பைவிட வழவழவென்று இருந்தது. எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் கொஞ்சம் ஆடின. பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிதாக அடித்ததாகத்தான் எனக்குப் பட்டது. நான் அதற்குக் கை தூக்கவில்லை.

கோப்பைப் பின்னாலிருந்து படியுங்கள்

நல்ல காரோடு ஒரு தடிமனான கோப்பு வரும். அதை இன்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படிப்பது என் வழக்கம். விற்பவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொரு கையாகப் போக வேண்டும்.

வி5சி என்கிற இன்றைய பதிவுப் புத்தகம் நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி. ஆனால் அது உரிமைப் பத்திரம் இல்லை. காரைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்று மட்டும் சொல்லும். அதனால் வாங்கிய ரசீதையும் கேளுங்கள். கணினிக்கு முந்தைய காலத்து லாக் புக் கோப்பில் இருந்தால் பொன் மாதிரி. ஒவ்வொரு உரிமையாளரும் முத்திரையோடு வரிசையாக இருப்பார்கள். கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று வருடந்தோறும் பார்க்கும் சோதனைக்கு எம்ஓடி என்று பெயர். அதன் பழைய சான்றிதழ்களில் மைல் கணக்கு எழுதியிருக்கும். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் மைல் ஏறிக்கொண்டே வர வேண்டும். திடீரென்று இறங்கினால் மீட்டர் மாறியிருக்கிறது, அதற்கும் ஒரு ரசீது இருக்க வேண்டும். அண்மை வருடங்களின் எம்ஓடி விவரத்தை நம்பர் பிளேட்டை வைத்து அரசின் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

நம்பர் பிளேட்டும் சாட்சிதான். பிரிட்டனில் அழகான எண்களைக் காரிலிருந்து பிரித்து விற்பது சகஜம். அதனால் அசல் காரே இன்று வேறு எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய புகைப்படத்தில் ஒரு எண், இன்று ஒரு எண் என்றால் பயப்பட வேண்டாம், எப்போது மாறியது என்று கேளுங்கள். அசல் எண்ணோடு இருக்கும் கார்களுக்கு மதிப்புக் கூடுதல். 1961 மார்ச்சில் ஜெனிவாவில் இ-டைப்பை அறிமுகப்படுத்தியபோது, ஒரு கார் போதாமல் ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஓட்டிக்கொண்டு போன கார் 77 ஆர்டபிள்யூ. இ-டைப் பிரியர்களுக்கு அந்த எண்ணே காரின் பெயர்.

புகைப்படங்களை ஒதுக்கிவிடாதீர்கள். யாரோ குடும்பத்தோடு கடற்கரையில் எடுத்த படத்தில் பானெட் பூட்டு வெளியே தெரிந்தால், அது முதல் ஐந்நூறு கார்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. பிறகு வந்தவற்றில் பூட்டு உள்ளே போய்விட்டது.

நடுவே பத்து வருடம் காகிதமே இல்லையென்றால்? உடனே விட்டுவிட வேண்டாம். கொட்டகையில் தூங்கியிருக்கலாம். அதை யாராவது உறுதிசெய்ய முடியுமா என்று அந்த மாடலின் கிளப்பில் கேளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் கார்களின் பட்டியலைப் பல வருடமாகப் பராமரிக்கிற ஆர்வலர்கள் அங்கே இருப்பார்கள். எனக்குத் தெரிந்து இவர்களைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை. அவர்களுக்கு விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், கார் மட்டும் முக்கியம்.

எல்லாம் மாறிய பிறகும் அது அதே காரா?

இந்தக் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏனென்றால் பந்தயத்தில் ஓடிய கார் எதுவும் பிறந்த மேனியாக இருக்காது.

1929, 1930 இரண்டு வருடமும் லெ மானை வென்றது ஒரே பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர். பிறகும் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓடியது. என்ஜின் மாறியது, பாடி மாறியது, சட்டமும் மாறியது. 1932-இல் அங்கே நடந்த விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். அதன் பிறகு சாலைக் காராக உருமாறியது. 1990-இல் இதை 1 கோடி பவுண்டுக்கு விற்பதாக ஒப்பந்தம் ஆனது. வாங்குபவர், 'இது அந்தக் கார் இல்லை' என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் சொன்னதன் சாரம்: 1929-இல் இருந்த பாகங்கள் அப்படியே இல்லை, அதனால் அந்தப் பொருளில் இதை 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கார் எப்போதும் கலைக்கப்பட்டு மறைந்துபோகவில்லை, வேறு எந்தக் காரும் அந்தப் பெயருக்கு உரிமை கோர முடியாது, தொடர்ச்சி அறுபடவில்லை. எனவே இதுதான் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன். விற்றவர் பக்கம் தீர்ப்பானது.

எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். அறுபடாத தொடர்ச்சி என்கிற அளவுகோலை அது நம் கையில் கொடுக்கிறது. ஒரு நாள் என்ஜின், ஐந்து வருடம் கழித்து கதவு என்று உயிரோடு இருக்கும்போதே மாறிவந்த கார் வேறு. துருப்பிடித்த ஒரு சட்டத்தையும் தகட்டையும் கண்டெடுத்து, மீதியைப் புதிதாகச் செய்து, பழைய எண்ணை ஏற்றிய கார் வேறு. இரண்டாவது வகையில்தான் ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கோரும் தகராறு முளைக்கிறது.

தொழிற்சாலையே செய்தாலும் இந்த வித்தியாசம் நிற்கும். பந்தயத்துக்காக 18 லைட்வெயிட் இ-டைப் செய்யத் திட்டமிட்ட ஜாகுவார் 1960-களில் 12 மட்டுமே கட்டியது. பயன்படாமல் கிடந்த ஆறு எண்களுக்கு 2014-இல் தொடங்கிப் புதிய கார்களைக் கட்டியது. அருமையான வேலைப்பாடு. ஆனாலும் அன்றைய பன்னிரண்டில் ஒன்றுக்கு இருக்கும் மதிப்பு வேறு. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான, ஆஸ்திரேலியாவில் முதல் உரிமையாளரைப் பெற்ற கார் 2017-இல் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 73 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது.

பூர்வீகம் துயரமானதாகவும் இருக்கலாம். 1955 லெ மானில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தில், பறந்து விழுந்த மெர்சிடிஸ் முதலில் மோதியது லான்ஸ் மேக்லின் ஓட்டிய ஆஸ்டின் ஹீலி மீது. என்.ஓ.ஜே. 393 என்ற அந்தக் கார் 1969 முதல் ஒருவரிடமே இருந்து, பழுதுபார்க்காத கோலத்திலேயே 2011 டிசம்பரில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்து 8,43,000 பவுண்டுக்குப் போனது. அதைப் புத்தம்புதிதாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சாட்சியமே போயிருக்கும். பழைய பெயின்ட்டை அழுக்கு என்று நினைக்காதீர்கள்.

காரைத் தொட்டுப் பார்க்கும் நாள்

ஏலத்துக்கு முந்தைய நாட்களில் பார்வைக்கு வைப்பார்கள். கட்டாயம் போங்கள், அந்த மாடலில் கைவைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவரோடு. பெரும்பாலும் ஓட்டிப்பார்க்க விடமாட்டார்கள். இ-டைப்பில் துரு முதலில் அரிப்பது கதவுக்குக் கீழுள்ள சில் பகுதி, தரை, பின்சக்கரத்தைத் தாங்கும் இடங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, அனுமதி கேட்டு, ஓரங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். முன்சட்டக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அங்கே புதிய வெல்டிங் தெரிந்தால் எண் அடித்த பகுதியை மறுபடி பாருங்கள்.

பட்டியலின் மொழி

ஏலப் பட்டியல் எழுதுபவர்கள் சொற்களை எண்ணி எழுதுவார்கள். 'முதல் உரிமையாளர் இன்னார்' என்பது ஒன்று. 'இன்னார் என்று நம்பப்படுகிறது', 'விற்பவர் தெரிவிக்கிறார்', 'எங்களுக்குத் தெரிந்தவரை' என்பவை வேறு. பின்னவற்றில் பொறுப்பு உங்கள் தலையில். 'ரீகிரியேஷன்', 'ரெப்ளிகா', 'இன்ன பாணியில்' என்ற சொல் ஒரு மூலையில் இருந்தாலும் அது அசல் இல்லை. அச்சிட்ட பிறகு கிடைத்த தகவலைத் தனி அறிவிப்பாக ஒட்டுவார்கள் அல்லது மேடையில் வாசிப்பார்கள். பட்டியலில் உள்ளதை அது மாற்றிவிடும். ஏலத்தன்று காலை அதைக் கேட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கு

சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி. கட்டண விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80,000 பவுண்டில் சுத்தியல் விழுந்தால் கட்டணம் 12,000, அதற்கு வரி 2,400. மொத்தம் 94,400. வெளிநாட்டிலிருந்து ஏலத்துக்காகத் தற்காலிகமாக வந்த கார் என்றால் இறக்குமதி வரியும் சேரும். பட்டியலில் அந்தக் காரின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள், அதன் அர்த்தத்தைப் பின்பக்கத்தில் தேடிப் படியுங்கள். அப்புறம் டிரெய்லர் கூலி, காப்பீடு, முதல் சர்வீஸ். உங்கள் கையில் உள்ள மொத்தத்திலிருந்து இவற்றைக் கழித்து வருகிற எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

ஏலத்தன்று

முன்கூட்டியே அடையாள அட்டையும் வங்கி விவரமும் கொடுத்துப் பதிவுசெய்தால் ஒரு எண் அட்டை தருவார்கள். நேரில், தொலைபேசியில், இணையத்தில் எப்படியும் கேட்கலாம். புதியவர்கள் முதல் இரண்டு ஏலங்களுக்கு எண் வாங்காமல் சும்மா உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

விற்பவர் இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று வைத்திருக்கும் ரகசிய விலைக்கு ரிசர்வ் என்று பெயர். அது வரும்வரை ஏலம் விடுபவரே விற்பவர் சார்பில் விலையை ஏற்றிக்கொண்டு போகலாம். நிபந்தனைகளில் அறிவித்திருந்தால் சட்டப்படி சரிதான். எனவே அறையில் யாரோ உங்களோடு போட்டி போடுவதாக நினைத்துச் சூடாகிவிடாதீர்கள். ரிசர்வ் இல்லாத கார் என்றால் கடைசியாகக் கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிந்தது. அதற்கு முன் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம், பின் முடியாது. கார் பெரும்பாலும் 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறது. ஏல நிறுவனம் விற்பவரின் முகவர்தான். நாளைக்கு என்ஜின் சத்தம் போட்டால் அவர்களிடம் போய் நிற்க முடியாது. ரிசர்வ் எட்டாமல் விற்காமல் போன காரில் உங்களுக்கு விருப்பம் இருந்தால், ஏலம் முடிந்ததும் அலுவலக மேசையில் போய்க் கேளுங்கள். சில நல்ல கார்கள் அங்கேதான் கைமாறுகின்றன.

எடுத்த பிறகு

பணம் கட்டவும் காரை எடுக்கவும் கெடு குறைவு, தாண்டினால் வாடகை. காரின் பொறுப்பு எந்த நிமிடத்திலிருந்து உங்களுடையது என்பதை நிபந்தனையில் பார்த்து, அதற்கு முன்பே காப்பீடு பேசி வையுங்கள். 'ஒப்புக்கொண்ட மதிப்பு' வகைக் காப்பீடாக இருக்கட்டும். இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு விலையைப் பற்றி வாதாட வேண்டியிருக்கும். பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத காருக்குச் சாலை வரியும் எம்ஓடியும் தேவையில்லை. இருந்தாலும் வருடம் ஒருமுறை எம்ஓடி எடுங்கள். பிரேக்கை ஒரு நிபுணர் பார்த்ததாகும், மைல் கணக்குக்கு ஒரு சாட்சியும் ஆகும்.

கோப்பைக் காரிலேயே வைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வேறொரு இடத்தில் வையுங்கள். ஏலப் பட்டியலின் பக்கம், அன்று காலை ஒட்டிய அறிவிப்பு, உங்கள் ரசீது, வீட்டுக்கு வந்த அன்றைய மைல் மீட்டரின் படம் ஆகியவற்றை அதன் கடைசியில் சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அடுத்து வாங்க வருபவர் அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்.